குடும்பத்தில் ஓடும் நோய்: ரத்தத்திலா, வீட்டிலா?

[திரையில்: மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம். பாட்டி, அம்மா, மகன் மூவரின் கட்டங்களும் சிவப்பு.]

பாட்டிக்கு இரைப்பைப் புற்றுநோய். அம்மாவுக்கும் அதே. மகனுக்கு வயிற்றுப் புண். பார்க்கிற யாரும் பரம்பரை என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு குடும்பம் மரபணுவை மட்டுமா பகிர்ந்துகொள்கிறது? ஒரே கழிப்பறை, ஒரே தண்ணீர், குழந்தைக்கு ஊட்டும்போது கரண்டியில் ஒட்டும் எச்சில், எல்லாமே பொதுதான். இந்த வரைபடத்தில் அவற்றுக்குக் கோடு கிடையாது.

இப்படி ஏமாந்ததற்கு மருத்துவ வரலாற்றில் பெரிய முன்னுதாரணம் உண்டு. 1847-ல் நார்வே மருத்துவர்கள் டேனியல்சென், போக் இருவரும் தொழுநோய் பரம்பரை நோய் என்று எழுதினார்கள். அன்றைய ஐரோப்பாவில் அதுதான் வேதவாக்கு. 1873-ல் அதே நாட்டின் பெர்கன் நகரில் ஹேன்சன் என்ற மருத்துவர் அந்நோய்க்கான பாக்டீரியாவைக் கண்டார். இவர் டேனியல்செனின் மருமகன் என்பது கூடுதல் சுவாரசியம். மாமனார் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும். அதற்குள் யாரிடமிருந்து வந்தது என்ற தடமே அழிந்துபோகும். மிஞ்சுவது உறவு மட்டுமே.

[திரையில்: வரைபடம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் "ரத்தம்", மறு பக்கம் "வீடு".]

இரண்டையும் பிரிக்க வழி? ரத்த உறவு இல்லாமல் ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பார்க்க வேண்டும். கணவன் மனைவி, தத்துப் பிள்ளைகள். எலிகளில் இது இன்னும் எளிது, தாயையே மாற்றிவிடலாம். 1936-ல் பிட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதைத்தான் செய்தார். மார்பகக் கட்டி அதிகம் வரும் இனத்தின் குட்டிகளை, கட்டி வராத இனத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார். கட்டி பெருமளவு குறைந்தது. மரபு என்று நினைத்தது பாலில் வந்த வைரஸ். (அது எலியின் வைரஸ். இதைக் கேட்டுத் தாய்ப்பாலைச் சந்தேகிக்க வேண்டாம்.)

மனிதர்களில்? 1988-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் உள்ள 960 குடும்பங்களின் பதிவுகளை அலசியது. பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்கு முன் தொற்றுநோயால் இறந்திருந்தால், அவரோடு வாழாத பிள்ளைக்கும் தொற்றால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய 5.8 மடங்கு. புற்றுநோயிலோ தலைகீழ். பெற்றவரின் புற்றுநோய் மரணம் பெரிய வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. வளர்த்தவர் 50-க்கு முன் புற்றுநோயால் இறந்திருந்தால், பிள்ளைக்கு ஆபத்து சுமார் 5 மடங்கு. தொற்றால் இறக்கும் ஆபத்து ரத்த உறவோடு போகிறது, புற்றுநோய் வீட்டோடு போகிறது! நாம் பழகிய கணக்குக்கு நேர் எதிர். ஒரு எச்சரிக்கை: புற்றுநோய் எண்ணிக்கை சிறியது. வீட்டிலிருந்து வந்தது கிருமியா, புகையா, உணவா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது.

கிருமியைப் பெயர் சொல்லிக் காட்ட முடிந்த இடம் இரைப்பை. இரைப்பைப் புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை, மார்ஷல், வாரன் என்ற மருத்துவர்கள் 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்த்தெடுத்தார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே, முக்கியமாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. 2020-ல் வந்த கொரிய ஆய்வில், இரைப்பைப் புற்றுநோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினர்களில் இந்தக் கிருமி உள்ளவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் சிகிச்சை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சுமார் 9 ஆண்டு கண்காணித்தபின், சிகிச்சைக் குழுவில் 1.2 சதவீதம் பேருக்கும் மற்றதில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. குடும்ப வரலாறு அப்படியே இருக்க, ஆபத்து மட்டும் பாதிக்கும் கீழே இறங்கியது.

[திரையில்: மூச்சுப் பரிசோதனைப் பை.]

குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தவறு நடப்பது தயாரிப்பில்தான். ஓமெப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் முன்னும், ஆன்டிபயாடிக்கை 4 வாரம் முன்னும் முடித்திருக்க வேண்டும். இவை கிருமியைக் கொல்லாமல் அடக்கி வைத்திருந்தாலே முடிவு பொய்யாக "இல்லை" என்று வரும். சிகிச்சை பொதுவாக 14 நாள். கசப்பு, குமட்டல் என்று பாதியில் நிறுத்துவதுதான் தோல்விக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. முடித்து 4 வாரம் கழித்து மறுபரிசோதனை அவசியம். அதற்கு ரத்தப் பரிசோதனை உதவாது. அது தேடுவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை; கிருமி போன பிறகும் அது நீண்ட நாள் தங்கும்.

ஹெபடைட்டிஸ் பி கதையும் இதேதான். கல்லீரல் புற்றுநோய் சில குடும்பங்களைத் துரத்துவதில் இந்த வைரஸுக்குப் பெரும் பங்கு. பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு நிரந்தரமாகத் தங்கும். வளர்ந்தபின் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. தாய்க்குத் தொற்று இருந்தால் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி) சேர்த்து. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோரும் ரத்தம் பரிசோதிக்க வேண்டும்; சவரக்கத்தியும் பல் துலக்கும் பிரஷும் பொதுவில் கூடாது. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது.

இனி சர்ச்சைக்குரிய பகுதி: நீரிழிவும் உடல் பருமனும்.

2013-ல் ஓர் ஆய்வு. இரட்டையரில் ஒருவர் பருமன், மற்றவர் ஒல்லி. இருவரின் குடல் பாக்டீரியாவையும் கிருமியற்ற எலிகளுக்கு மாற்றினார்கள். பருமனானவரின் பாக்டீரியா பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. அவற்றை, ஒல்லியானவரின் பாக்டீரியா பெற்ற எலிகளோடு ஒரே கூண்டில் விட்டபோது கூடவில்லை. அதுவும் கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து மிகுந்த தீனியில் மட்டும். எலிகள் ஒன்றன் கழிவை ஒன்று தின்னும் என்பதையும் மறக்கக்கூடாது. மனிதர்களில் 2023-ல் அளந்தபோது, ஒரே வீட்டில் வாழ்பவர்கள் குடல் பாக்டீரியாவில் சுமார் 12 சதவீதமும் வாய் பாக்டீரியாவில் 32 சதவீதமும் ஒரே ரகத்தைப் பகிர்ந்திருந்தார்கள். பாக்டீரியா மாறுவது உண்மை. நோயும் கூடவே மாறுகிறது என்பது இன்னும் கருதுகோள்தான். துணைக்கு நீரிழிவு இருந்தால் நமக்கு ஆபத்து சுமார் 26 சதவீதம் கூடுதல் என்ற தொகுப்பாய்வை (பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதை) இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். நம் பார்வையில் அது பலவீனமான சான்று. தம்பதிக்குச் சமையலறை ஒன்று, தூங்கும் நேரம் ஒன்று.

ரத்தமா, வீடா என்று பிரிக்கும் இந்தச் சோதனை எதிர்ப்பக்கமும் வெட்டும். நரம்பு உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், நோயாளியோடு ஒரே வீட்டில் வளர்ந்த தத்துச் சகோதரர்களுக்கு ஆபத்து பொதுமக்களைவிடக் கூடவில்லை என்று 1995-ல் தெரிந்தது. தொற்றுக்கு இடமே இல்லையா? 2022-ல், எச்சில் வழி பரவும் எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றியபின் இந்நோயின் ஆபத்து 32 மடங்கு உயர்வது அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளில் தெரிந்தது. உலகில் ஏறக்குறைய எல்லா வளர்ந்தவர்களிடமும் இருக்கும் வைரஸ் அது. வைரஸ் எங்கும் பரவியிருக்க, நோய் மட்டும் மிகச் சிலருக்கு. அந்தச் சிலரைத் தேர்வதில் மரபணுவுக்கும் பங்குண்டு.

[திரையில்: பழைய வரைபடத்தில் புதிய கோடுகள்.]

அடுத்த முறை மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது மூன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: நோய் வந்தவரின் கணவனுக்கோ மனைவிக்கோ என்ன இருந்தது, அதே வீட்டில் வளர்ந்து ரத்த உறவு இல்லாதவர் யார், சிறுவயதிலேயே வேறு வீட்டில் வளர்ந்த உடன்பிறப்பு உண்டா. இரைப்பையோ கல்லீரலோ பாதிக்கப்பட்டிருந்தால், எந்த வயதில் என்பதையும்.