தாத்தாவின் மெடலைப் பசை போட்டு ஒட்டுவார்களாம்!

வணக்கம் மக்களே! போன வீடியோவில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம் இல்லையா, அதில் இருந்த மூன்று மெடல்களுக்கும் சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் அதற்குள் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் 1,450 ரூபாய் கேட்டார்கள். சரி, தாத்தாவுக்காகத்தானே என்று தலையாட்டினேன். உடனே அட்டையில் பசையைத் தடவ ஆரம்பித்தார்கள்! மூன்றில் ஒன்றான சேனா மெடலின் முன்பக்கம் மேல்நோக்கிய ஒரு பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி), பின்பக்கம் நிற்கிற ஒரு சிப்பாய். ஒட்டிவிட்டால் அந்தச் சிப்பாயை இனி யார் பார்ப்பது? விளிம்பில் தாத்தாவின் படை எண்ணும் பெயரும் வேறு பொறித்திருக்கிறது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று, பஷ்சிமி ஸ்டாரை நடுவில் வைத்தார்கள், நட்சத்திரம் எடுப்பாக இருக்கிறதாம். அது 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மேற்கு முனைக்குப் போனவர்களுக்குக் கொடுத்தது. சங்க்ராம் மெடலும் அந்தப் போர்க்காலப் பணிக்காகக் கொடுத்ததுதான். சேனா மெடல் அப்படியில்லை, தாத்தா செய்த காரியத்துக்காக அவருக்கென்றே கொடுத்தது. அதனால் பார்ப்பவருக்கு இடக்கோடியில், முதலாவதாக அதுதான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அட, என்ன காரியம் என்று சொல்லவே இல்லையே! 1971 டிசம்பர், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆறு. தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 16ஆவது பட்டாலியன். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, அடிபட்டுக் கிடந்த இரண்டு பேரை இழுத்து வந்திருக்கிறார். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தைக் கத்திக்கொண்டே முன்னேறியதை இப்போது சொன்னாலும் அவர் குரல் ஏறிவிடும். அவர்களுடைய கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அந்தச் சண்டையில் உயிரைக் கொடுத்தார், மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா, போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது பெரிய விருது. எரிகிற டாங்கை விட்டு இறங்க மறுத்த பூனா ஹார்ஸ் டாங்குப் படையின் அருண் கேத்ரபால் அதே பசந்தரில்தான் விழுந்தார். வயது 21. அவருக்கு எல்லாவற்றிலும் பெரிய பரம்வீர் சக்ரா. கேத்ரபால் பெயரைச் சொன்னால் தாத்தா இன்றைக்கும் எழுந்து நிற்பார்.

சட்டத்துக்கு வருகிறேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு அண்ணன், 900 ரூபாய்தான்! பசையே கிடையாது. கருநீல வெல்வெட்டில் ரிப்பனை மட்டும் நூலால் தைத்தார், நடுவில் வெள்ளைக் கோடு போட்ட அந்தச் சிவப்பு ரிப்பன் கொஞ்சமும் கசங்கவில்லை. பின்னால் சின்னக் கதவு வைத்திருக்கிறார், திறந்தால் சிப்பாய் நிற்கிறார் பாருங்கள்! இதற்கு 1,450 கொடுத்தாலும் தகும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடந்தால் விளிம்பைப் பார்த்து, அதில் இருக்கிற பெயரைக் கமெண்டில் போடுங்கள். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவே கேமரா முன்னால் உட்காருகிறார். பசந்தரைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ, இப்போதே எழுதிவையுங்கள்.