பற்றைக்குள் பெயர்கள்

வணக்கம் நேயர்களே.

இந்த உரைக்கு என்னை அழைத்தவர்கள் தொலைபேசியில் சொன்ன தலைப்பு, பாலைவனத்தில் பூக்கும் காட்டுச் செடிகள். வன்னியில் இருப்பவனிடம் பாலைவனத்தைக் கேட்கிறார்களே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்களுக்குப் பாலை என்றால் பழம். காட்டுக்குள் போய்ப் பாலைப்பழம் தின்று, பால் பட்டு உதடு ஒட்டிப்போய், தின்றதை வீட்டில் மறைக்க முடியாமல் அடி வாங்கியவர்கள் சிலராவது இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு படம் காரணம்.

என் தம்பியின் மகன் வளைகுடா நாடொன்றில் வேலை செய்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாள், தங்குமிடத்துக்குப் பின்னால் நடந்து போனபோது எடுத்தது என்று ஒரு படம் அனுப்பியிருந்தான். கூடவே குரல் பதிவு. "பெரியப்பா, மணலைத் தவிர ஒண்டும் இல்லை. இது மட்டும் பூத்து நிக்குது. என்ன பூ எண்டு சொல்லுங்கோ." போனில் படத்தை விரித்துப் பார்த்தேன். சாம்பல் பூசினதுபோல் தடித்த இலை. இலை முறிந்த இடத்தில் வெள்ளைப் பால். எங்கள் படலைக்கு வெளியே, யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல் நிற்கிற எருக்கலைதான். எங்களிடம் நிற்பது மூத்தது, அவன் கண்டது அதன் தம்பி. எங்களுடைய எருக்கம்பூ இளம் ஊதாவாகவோ வெள்ளையாகவோ இருக்கும், இதழ் விரிந்து பின்னால் மடியும். அரபு நாட்டுக்காரன் சின்னப் பூ, இதழ் நிமிர்ந்து நிற்கும், நுனியில் மட்டும் கடும் ஊதா தொட்டு வைத்ததுபோல் இருக்கும். அரபு மொழியில் அதற்கு உஷர் என்று பெயர். ராஜஸ்தான் மணலிலும் இதேதான்.

ஆக, பாலைவனச் செடி எங்கள் படலை வரைக்கும் வந்திருக்கிறது. வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். மன்னாருக்கு ஆயிரம் மில்லிமீற்றர் அளவில் கிடைக்கிறது. கேட்க நிறையத்தான். ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு சோழகம் எழும்பினால் செப்ரெம்பர் வரைக்கும் காற்றும் புழுதியும்தான். பழைய தமிழர் ஐந்து திணை சொன்னார்கள், அதில் பாலைக்கு மட்டும் தனி நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து குணம் மாறிப்போனால் அதுதான் பாலை என்றார்கள். ஆடி மாதத்து மத்தியானத்தில் மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் எது பூக்கிறது என்பதுதான் விஷயம். வயல் காய்ந்து வெடித்திருக்கும், குளம் அடிச்சேறு தெரிய வற்றியிருக்கும், வீட்டுப் பூஞ்செடிக்கு வாளித் தண்ணீர் விடவே மனம் வராது. அந்த நேரத்தில் எருக்கலை பூக்கும், ஆவரசு பூக்கும். நாங்கள் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறோம்: பற்றை.

முந்தி அப்படி இல்லை. எங்கள் ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மன்னாரில் எருக்கலம்பிட்டி. கடலோரமாக வடக்கே வந்தால் விடத்தல்தீவு. வவுனியாவைத் தாண்டி ஏ-9 வீதியில் நொச்சிமோட்டை. ஈச்சங்குளம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளிநொச்சி. கிளி அதற்குள் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை. நொச்சி எது என்பதில் சண்டை கிடையாது. யாழ்ப்பாணத்துக்கு ஏறினால் ஆவரங்கால். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் ஆலையும் அரசையும் மட்டும் பார்க்கவில்லை, இடுப்பளவு நிற்கிற செடியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எருக்கலையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட்டு ஆவரசுக்கு வருகிறேன். எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டு சின்ன மஞ்சள் பைகளை ஒரு கொளுக்கியில் மாட்டிவிட்டதுபோல் பூவின் நடுத்தூணில் ஒளிந்திருக்கும். கருவண்டு வந்து இருக்கும்போது அதன் கால் ஒரு வெடிப்பில் வழுக்கி மாட்டும். காலை இழுத்தால் பையும் கூடவே வரும். அடுத்த பூவில் திரும்பவும் கால் வழுக்கினால்தான் காய். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற பூவுக்குள் இவ்வளவு தந்திரம். இரண்டாவது விஷயம், பால். அது கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். வலி அவ்வளவாக இருக்காது என்பதுதான் ஆபத்து, நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிடுவோம். உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நஞ்சுப் பாலையே தின்று வளர்கிற புழு ஒன்றும் உண்டு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி, முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்பு. தின்ற நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு செம்மஞ்சள் வண்ணாத்திப்பூச்சியாகப் பறக்கும். ஒருமுறை அதைக் கொத்திப் பார்த்த குருவி மறுமுறை கிட்டப் போகாது.

சரி, ஆவரசு. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை இந்த இடத்தில் சொல்லாமல் எவரும் விட்டதில்லை. நானும் சொல்லிவிட்டேன், கடமை முடிந்தது. ஆவரசம்பூவை நிழலில் காயவைத்துத் தேத்தண்ணி போடுவது எங்கள் ஆச்சிமார் செய்ததுதான். இப்போது ரணவரா என்று சிங்களப் பெயரில் பக்கற்றில் கடைக்கு வந்திருக்கிறது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் நல்லாகவே இருக்கும். ஆனால் சீனி வருத்தக்காரர் இதைக் குடிக்கிறோம் என்று குளிசையை நிறுத்த வேண்டாம், பனங்கட்டியையும் கடிக்க வேண்டாம். ஆவரசம்பட்டை ஒரு காலத்தில் தோல் பதனிடுவதற்குப் பெரிய சாமான்.

எனக்கு ஆவரசைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ். நடுவில் பத்துக் கேசரம். மேலே உள்ள மூன்றும் சின்னன், மலடு. கீழே உள்ளவை நீண்டு வளைந்திருக்கும். மற்றப் பூக்களில் மகரந்தக்கூடு பழுத்ததும் நெடுக வெடித்து மகரந்தம் வெளியே வந்துவிடும், விரலால் தொட்டாலே ஒட்டும். ஆவரசில் வெடிக்காது. நுனியில் துளை மட்டும் இருக்கும், உப்புப் போத்தல் மூடிபோல. தேனும் கிடையாது. அப்படியானால் எந்தத் தேனீ வந்து என்ன செய்யப் போகிறது?

காலை ஏழு மணிக்கு ஓர் ஆவரசம் பற்றைக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் நில்லுங்கள். கருவண்டு பறந்து வரும்போது ஒரு சத்தம். பூவைக் கட்டிப் பிடித்ததும் அந்தச் சத்தம் நின்று, அதைவிட உயர்ந்த சுருதியில் வேறொரு சத்தம் வரும். ஒரு கணம்தான், திரும்பவும் ஒன்று. இறக்கையை அடிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கிறது வண்டு. அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் பீறிட்டு அதன் வயிற்றில் படும்.

இதைப் பிள்ளைகளுக்கு வாயால் விளக்கினால் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரே ஓர் இசைக்கவை இருந்தது. அதைத் தட்டி, அதிர்ந்துகொண்டிருக்கும்போதே ஆவரசின் கேசரத்தில் மெல்ல முட்டவைத்தேன். கீழே கறுப்புக் கடதாசி. மஞ்சள் தூள் புஸ் என்று கொட்டியது. முன்வாங்கில் இருந்த ஒருவன், மற்ற நேரம் யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பவன், எழும்பிக் கத்தினான்: "சேர், பூ தும்முது!" அந்த வகுப்பில் நான் படிப்பித்த வேறு எதுவும் அவனுக்கு நினைவிருக்குமோ தெரியாது. இதை மறந்திருக்க மாட்டான்.

விடத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் பூச்செடி என்று கணக்கில் எடுப்பதில்லை. முள்ளைத்தான் எடுப்பார்கள். சைக்கிள் ரியூபைக் கேட்டால் தெரியும். ஆனால் பூக்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள், குஞ்சம்போல் தொங்கும். குஞ்சத்தின் மேல்பாதி ரோசா, கீழ்பாதி மஞ்சள், ஒரே பூங்கொத்தில் இரண்டு நிறம். ரோசா நிறத்தில் இருப்பவை காய்க்காத பூக்கள், மஞ்சள்தான் காய்க்கும். நாட்கள் போக ரோசா வெளிறி வெள்ளையாகும். பிறகு காய்கள் முறுக்கிப் பிணைந்து ஒரு பந்தாக வரும், ஆடு மாடு விரும்பித் தின்னும். வெட்டினால் சாகாது. வேரிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் கிளம்பும். கியூபாவுக்குப் போன இதே செடி அங்கே பெரும் பெரும் விவசாய நிலங்களை மூடி நிற்கிறது, அந்த நாட்டுக்காரர் அதை வெட்டிக் கரியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். ஆக, எங்கள் ஊரில் ஆட்டுக்குத் தீனி, அங்கே நாட்டுக்குத் தலையிடி.

இப்போது பற்றை என்ற சொல்லுக்குத் திரும்பி வருகிறேன்.

2010 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது எது வளவு, எது ஒழுங்கை என்று தெரியவில்லை. வீடு இருந்த இடத்தில் சுவர் இல்லை. இரண்டு மாரி கண்ட பற்றை ஆள் உயரத்துக்கு நின்றது. எங்களை வீதியில் நிற்கவைத்துவிட்டார்கள், உள்ளே மிதிவெடி பார்க்க வேண்டும் என்று. முகத்துக்குக் கண்ணாடித் தட்டும் நெஞ்சுக்குத் தடித்த அங்கியும் போட்ட பிள்ளைகள், அதில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள், முழங்காலில் இருந்து, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு கொப்பாக வெட்டி, வெட்டியதைப் பின்னால் வைத்து, பிறகு நிலத்தைச் சோதித்து, ஒரு சாண் முன்னால் போனார்கள். அவ்வளவு கவனமாக யாரும் ஒரு பற்றையை வெட்டி அதற்கு முன் நான் கண்டதில்லை.

அம்மாதான் வளவைக் கண்டுபிடித்தார். வடகிழக்கு மூலையில் அவர் நட்ட நொச்சி நின்றது. பிரசவ வீட்டுக்கும் காய்ச்சலுக்கும் வேது பிடிக்க ஊரே வந்து ஒடிக்கிற நொச்சி. நெல்லுக்குப் பூச்சி வராமல் மூட்டைக்குள் போடுகிற இலையும் அதுதான். அது கிளை விட்டு, ஊதாப் பூவோடு, எங்களைக் காணாதது பற்றி ஒரு கவலையும் இல்லாமல் நின்றது. "அங்கை நொச்சி நிக்குது. அதுக்கு இஞ்சாலை கிணறு" என்றார் அம்மா. அவர் சொன்ன இடத்தில் கிணறு இருந்தது. பழைய தமிழில் மதிலைக் காத்து நிற்பவர்கள் சூடுவது நொச்சிப்பூ. அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்குக் கேட்கிற மனநிலையில் அவர் இல்லை.

பிறகு டோசர்கள் வந்தன. வர வேண்டியதுதான். பாம்பு, முள், வீடு கட்ட இடம், கமம் செய்ய நிலம், எல்லாவற்றுக்கும் துப்புரவு தேவை. பற்றையை அப்படியே விடுங்கள் என்று வெளியிலிருந்து வந்து சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அவர்கள் இரவில் அங்கே படுத்துப் பார்க்கவில்லை. ஆனால் தேவை முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. வீதி ஓரம், குளக்கட்டுக்கு வெளிப்பக்கம், கோயில் வளவின் பின்புறம், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாத இடங்களிலும் வழித்துத் தள்ளுகிறோம். வழித்த இடத்தில் முதலில் வருவது பெரும்பாலும் நாயுண்ணி. அதுவும் அழகாகத்தான் பூக்கும், ஆனால் அமெரிக்காப் பக்கமிருந்து வந்தது, வந்த இடத்தில் மற்றதைத் தலையெடுக்க விடாது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் முற்றத்து ஆவரசைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் சட்டியில் பாலைவன ரோசா வைத்திருக்கிறார். அடீனியம் என்று நர்சரியில் விற்பது. அடி பருத்து, சிவப்பாகப் பூக்கும். ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் காட்டில் நிற்பது, அதன் பாலை ஆபிரிக்காவில் அம்புக்கு நஞ்சாகத் தடவினார்கள். நல்ல விலை கொடுத்து வாங்கினார், மாரி மழையில் அடி அழுகிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம் என்று என்னைக் கேட்டார். நான் ஆவரசங்காய் நாலு கொடுத்துவிட்டு வந்தேன். கொதித்துக் கொஞ்சம் ஆறிய சுடுதண்ணீரில் விதையை ஓர் இரவு ஊறவைத்து, மாரி தொடங்குமுன் நட வேண்டிய இடத்திலேயே ஊன்றச் சொன்னேன். பெயர்த்து நட்டால் ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் செத்துப்போகும். ஊன்றினாரோ தெரியாது.

தம்பியின் மகனுக்கு அன்றைக்கே பதில் அனுப்பினேன், எருக்கலை என்று. "அதுவா!" என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "பெரியப்பா, ஆவரசில வண்டு கத்துற சத்தத்தை ஒருக்கால் எடுத்து அனுப்புங்கோ" என்று வந்தது. போன ஞாயிறு நொச்சிமோட்டைப் பக்கம் போய் எடுத்தேன். பின்னால் பஸ் போன சத்தத்தில் வண்டு கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். நாளைக்கு இன்னும் வெள்ளனப் போய்ப் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.