கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பெரும்பாலும் அதிகப் பணம் போடுவது கிராபிக்ஸ் கார்டில்தான். அதிகம் ஏமாறுவதும் அதில்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

ஜிடி 1030 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 மெமரி இருந்தது; நொடிக்கு 48 ஜிபி தரவு போய் வரும். மறு ஆண்டே அதே பெயரில், டிடிஆர்4 மெமரி போட்ட இன்னொன்று வந்தது. அதில் நொடிக்கு 17 ஜிபி வந்தாலே அதிகம். ஆர்டிஎக்ஸ் 3050-யும் அப்படித்தான். 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. குறைவது 2 ஜிபி மெமரி மட்டும் அல்ல. 2560 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) 2304 ஆகின்றன, மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்குகிறது. ஆனாலும் அந்த 6 ஜிபி கார்டை நான் ஒதுக்கமாட்டேன். அது எடுப்பது 70 வாட். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம். சிறிய எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) உள்ள பழைய அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம்.

அடுத்து, பலரும் பார்க்காத ஒன்று: கார்டு எத்தனை லேன் (போர்டுக்கும் கார்டுக்கும் இடையே தரவு போகும் தடம்) பயன்படுத்துகிறது என்பது. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஸ்லாட்டில் 16 லேன் இருந்தாலும் 4 லேனைத்தான் தொடும். மெமரியும் 4 ஜிபிதான். அது நிரம்பியதும் மீதித் தரவை கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அந்த 4 லேன் வழியாகத்தான் இழுக்கவேண்டும். அந்த ஸ்லாட் பிசிஐஇ என்ற வகை; அதன் 4.0 பதிப்பு இருந்தால் ஓரளவு சமாளிக்கும். பி450, ஏ520 போன்ற 3.0 போர்டுகளில் பாதையின் வேகம் பாதியாகி, விளையாட்டு விட்டுவிட்டு நிற்கும். போர்டு பி550 ஆக இருந்தாலும் பிராசசர், உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5600ஜி என்றால் கிடைப்பது 3.0-தான். "இப்போதைக்கு 5600ஜி போதும், கார்டு பிறகு" என்று திட்டமிடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். கார்டில் இருக்கும் 6 பின் துளை 75 வாட்டுக்கு, 8 பின் துளை 150 வாட்டுக்கு. எஸ்எம்பிஎஸ்-இல் பிராசசருக்கான 8 பின் கேபிளும் உண்டு. அது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். மாற்றிச் சொருகப் பலம் காட்டாதீர்கள். கார்டில் இரண்டு துளை இருந்தால் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளின் இரட்டைத் தலையில் முழுச் சுமையும் ஏறினால் அது சூடாகும். வேறு எஸ்எம்பிஎஸ்-இன் கழற்றி மாட்டும் கேபிளைப் பயன்படுத்தவே கூடாது. துளை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும். சொருகி ஆன் செய்தால் போர்டும் கார்டும் சேர்ந்து போகலாம். புதிய 16 பின் இணைப்பானைக் கடைசிவரை அழுத்தி, இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இணைப்பான் உருகியதற்கு, முழுதாக உள்ளே போகாததும் ஒரு முக்கியக் காரணம்.

கேபினெட்டில் பின்பக்கத் தகட்டிலிருந்து முன் விசிறிவரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கார்டின் நீளத்தைவிட இரண்டு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். மாட்டிய பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகுங்கள், போர்டில் அல்ல. "கார்டு போட்டும் வேகம் வரவில்லை" என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பழைய கார்டு என்றால், கடையிலேயே கம்ப்யூட்டரில் மாட்டி, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இஸட் மென்பொருளில் காட்டச் சொல்லுங்கள். பழைய சிப்பின் பயாஸை (கார்டின் உள்ளே பதிந்திருக்கும் நிரலை) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பதுண்டு. அந்தப் பெயரில் நீல நிற விஜிஏ துளையோடு ஒரு கார்டைக் கண்டால் வாங்காதீர்கள். அந்தத் தலைமுறைச் சிப்பில் விஜிஏவுக்குத் தேவையான அனலாக் வெளியீடே கிடையாது.