முதுகு எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை ஒரு கடுகளவுதான். குறுக்களவு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளிறிய மஞ்சள். எது முதுகு, எது வயிறு என்பது அதில் இன்னும் முடிவாகவில்லை.

விந்தணு கறுப்புப் பாதியில் ஏதோ ஓரிடத்தில் நுழைகிறது. முதல் செல் பிளவுக்குச் சுமார் 90 நிமிடம் ஆகும். அந்த நேரத்தின் பிற்பாதியில் முட்டையின் மேலுறை மட்டும், உள்ளே இருப்பதன்மீது 30 பாகை அளவு நழுவுகிறது. மேலுறைக்கு அடியில் ஒரே திசையில் அடுக்கிய நுண்குழல்களே (செல்லுக்குள் இருக்கும் மெல்லிய புரதக் குழாய்கள்) இதற்குத் தண்டவாளம். அடிமுனையில் இருந்த டிஷெவல்டு போன்ற புரதங்கள் அதன் வழியே, பெரும்பாலும் விந்தணு நுழைந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். அந்தப் பக்கமே முதுகு.

பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தை ஜிஎஸ்கே-3 என்ற நொதி குறிவைத்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முதுகுப் பக்கத்தில் மட்டும், அங்கே வந்து சேர்ந்த டிஷெவல்டு போன்ற புரதங்களால் அந்த நொதியின் கை கட்டப்படுகிறது. அங்கே பிழைத்த பீட்டா-கேட்டனின் உட்கருவில் சேர்ந்து, முதுகுக்கான மரபணுக்களைத் தயார்ப்படுத்துகிறது.

நழுவலுக்கு முன் முட்டையின் அடிப்பாதியில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் நுண்குழல்கள் அடுக்காக அமையா. தலையும் முதுகுத் தண்டும் இல்லாத வெறும் வயிற்றுத் துண்டே மிஞ்சும். ஆனால் அதே முட்டையை முதல் பிளவுக்கு முன் 90 பாகை சாய்த்து வைத்துப் பாருங்கள்: கனமான மஞ்சள்கரு தானே சரிய, மேலே நின்ற பக்கம் முதுகாகி, முழுத் தலைப்பிரட்டை வந்துவிடும்! எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை இது.

லித்தியமும் ஜிஎஸ்கே-3-ஐத் தடுக்கும். 32 செல் நிலையில் 0.3 மோலார் லித்தியம் குளோரைடில் சுமார் 6 நிமிடம் வைத்துக் கழுவிவிட்டால், வால் குறுகி, தலைப்பகுதி மிகுந்த கரு கிடைக்கும். நேரம் தவறினால்தான் வம்பு. 12 பிளவுகள் முடிந்து, சுமார் 4000 செல்களானதும் கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்கும். அதன்பின் லித்தியத்தில் இட்டால், மிகுந்திருக்க வேண்டிய தலை குறைந்துபோகிறது. பீட்டா-கேட்டனின் வழியாக இயங்கும் இந்தச் சமிக்ஞைப் பாதைக்கு விண்ட் என்று பெயர். முன்பு முதுகை உண்டாக்கிய அதே பாதை, இப்போது பின்னுடலை உண்டாக்குகிறது. அதனால்தான் தலை உருவாகும் இடத்தில் டிக்காஃப்-1 என்ற புரதம் சுரந்து, விண்ட்டை அண்டவிடாமல் காக்கிறது.

ஜெர்மன் கருவியலாளர்கள் ஸ்பெமானும் ஹில்டே மான்கோல்டும் 1924-இல், நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வியின் கருவிலிருந்து முதுகு உதட்டுத் துண்டை (முதுகுப் பக்கத்தில் செல்கள் உள்ளே மடிந்து செல்லும் விளிம்பை) எடுத்து, வேறொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது உடலச்சு, அதாவது தலை-வால் திசையில் அமையும் இன்னொரு உடல், எழுந்தது. அந்தத் துண்டு சுரப்பது என்ன என்பது 1990-களில்தான் தெளிவானது. நாகின், கார்டின், ஃபாலிஸ்டாட்டின்: மூன்றுமே பிஎம்பி என்ற சமிக்ஞையைச் செல்லுக்கு வெளியிலேயே பிடித்து நிறுத்துபவை. பிஎம்பி எட்டும் இடம் தோலாகும். எட்டாத இடம் நரம்பாகும். மூன்றையும் சேர்த்துக் குறைத்தால், மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புத் தகடு அமையாது. மாறாக பிஎம்பி-2, 4, 7 ஆகியவற்றையும் அவற்றின் உறவான ஏடிஎம்பியையும் ஒருசேரக் குறைத்தால், கருவின் வெளிப்பரப்பு முழுவதும் நரம்புத் திசுவாகிவிடுகிறது.

நன்றி, வணக்கம்.