சொட்டு மருந்து கன்னத்துல விழுது, நடுவர் ஐயா!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் என் சக டாக்டர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அல்சூர் டிராஃபிக்கைத் தாண்டி இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கிற பெங்களூர்த் தமிழ் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'கண் மருத்துவரின் வாழ்வை நிலைநிறுத்துவது பெரிய மருத்துவமனை வேலையா, சொந்தக் கிளினிக்கா?' இதுதான் தலைப்பு. நான் கிளினிக் கட்சி. எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவர் மூணு குண்டு போட்டுட்டு உட்கார்ந்திருக்கார். ஒண்ணாம் தேதி ஆனா டாண்ணு சம்பளம் வந்துடும்னார். அவ்வளவு விலை மெஷினை எல்லாம் தனி ஆள் வாங்க முடியுமான்னார். கடைசியா, இறந்துபோன கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் தானம் பண்ணின கண்ணால நாலு பேருக்குப் பார்வை கிடைச்சுதே, அது தெருமுனைக் கிளினிக்குல நடக்குமான்னு கேட்டார். சபை கை தட்டுச்சு. நானும் தட்டினேன், பொய் சொல்லக் கூடாது.

முதல்ல அந்தச் சம்பளத்துக்கு வர்றேன். ஐயா, எம்.பி.பி.எஸ். இன்டர்ன்ஷிப்போட அஞ்சரை வருஷம். எம்.எஸ். மூணு வருஷம். ஆபரேஷன்ல கை படியணும்னு அதுக்கு மேல ஃபெல்லோஷிப். நடுவுல நீட் பி.ஜி.க்காக வீட்டுல உட்கார்ந்த காலத்தை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல. இவ்வளவும் முடிச்சு முப்பது வயசுல வெளிய வர்ற பையனைப் பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடுது. கையில என்ன கொடுக்குது தெரியுமா? சம்பளம்னு எதிரணி சொல்லுது. பல இடத்துல அதுக்குப் பேர் 'மினிமம் கேரண்டி', குறைஞ்சது இவ்வளவு தருவோம்ங்கிற வாக்கு. பி.எஃப். கிடையாது. வருமான வரிக்காகப் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிச்சுட்டு 'ப்ரொஃபஷனல் ஃபீஸ்'னு சீட்டு கொடுப்பாங்க. அந்த கேரண்டியும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோதான். அப்புறம் எச்.ஆர். கூப்பிட்டு, "டாக்டர், இனிமே நீங்க கொண்டு வர்ற கேஸ்ல இத்தனை பெர்சன்ட்"னு சொல்லுவாங்க. ஆக, பேஷன்ட்டைத் தேடுற வேலை அங்கயும் உண்டு. பலகையில மட்டும் இன்னொருத்தர் பேர்!

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். அவருக்கு இந்த மாசம்தான் கேரண்டி முடியுது போல.

இன்னொண்ணு. அந்த ஆஸ்பத்திரியை விட்டு வர்ற அன்னைக்கு டாக்டர் கையில என்ன இருக்கும்? பத்து வருஷம் பார்த்த பேஷன்ட்டோட ஃபைல் எல்லாம் கம்ப்யூட்டர்ல, கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரியோடது. போதாததுக்கு, சேரும்போதே ஒரு கையெழுத்து வாங்கியிருப்பாங்க: வேலையை விட்டா இத்தனை கிலோமீட்டருக்குள்ள கிளினிக் போடக் கூடாதுன்னு. தொழில் செய்யவிடாமத் தடுக்கிற அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவுலயே இருக்கு. ஆனா முப்பத்தஞ்சு வயசு டாக்டருக்குச் சட்டம் தெரியுமா? கண்ணுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு நரம்பும் தெரியும், கையெழுத்துப் போட்ட காகிதத்துல என்ன இருக்குன்னு தெரியாது.

அடுத்து மெஷின். இங்கதான் எங்க ஜூனியர் பசங்க தடுக்கி விழறாங்க. கிளினிக்னா முதல் நாளே புரை எடுக்கிற ஃபேக்கோ மெஷின், ஆபரேட்டிங் மைக்ரோஸ்கோப், விழித்திரையைப் படம் எடுக்கிற ஓ.சி.டி. ஸ்கேன் எல்லாம் வரிசையா நிக்கணும்னு நினைக்கிறாங்க. வேண்டாம். கண்ணைப் பெரிசாக்கிப் பார்க்க ஒரு நல்ல ஸ்லிட் லேம்ப், பவர் பார்க்க ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர், லென்ஸ் பெட்டி, கண் அழுத்தம் பார்க்க டோனோமீட்டர், ரெட்டினா, அதாவது விழித்திரை பார்க்க இன்டைரக்ட்னு ஒரு கருவி, கண்ணுல சொட்டு விட்டுட்டு அரை மணி நேரம் பேஷன்ட் உட்கார நாலு நாற்காலி. ஆரம்பிச்சிடலாம். புரை ஆபரேஷனுக்கு? ஆபரேஷன் தியேட்டர் வச்சிருக்கிற இன்னொரு ஆஸ்பத்திரியில தியேட்டர் சார்ஜ் கட்டி, நம்ம பேஷன்ட்டுக்கு நாமே பண்ணிட்டு வரலாம். பெங்களூர்ல அப்படித்தான் நிறையப் பேர் ஓட்டுறாங்க. கடன் வாங்கி மெஷினை இறக்கினா என்ன ஆகும்னா, கண்ணுக்கு மெஷின் தேடுற நிலைமை போய் மெஷினுக்குக் கண் தேடுற நிலைமை வந்துடும். தவணை தேதி நெருங்க நெருங்க, ஸ்கேன் எழுதுற பேனா வேகமாப் போகும். இது எங்க கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அப்ப வாடகைக்கு என்ன வழி? ரகசியத்தைப் போட்டு உடைச்சிடறேன். கிளினிக்கை நடத்துறது டாக்டர், வாடகை கட்டுறது பக்கத்து ரூம் கண்ணாடிக்கடை! அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. பவர் எழுதின சீட்டைப் பேஷன்ட் கையில கொடுத்துடணும், அவர் எங்க வேணும்னாலும் போட்டுக்கட்டும், அவ்வளவுதான் நியாயம். லைசென்ஸ், பதிவு, மருத்துவக் கழிவு ஒப்பந்தம்னு காகித வேலை இருக்கு. அலுப்புதான், உயிர் போகாது.

முதல் மூணு வருஷம் ஈ ஓட்டணும்னு பயமுறுத்துறாங்க. ஐயா, இதே அல்சூர் ஏரிக்கரையில நிக்கிற நம்ம வள்ளுவர், சிலையா, 1991-லேர்ந்து துணிக்குள்ளயே காத்திருந்தார். 2009-லதான் திறந்தாங்க. 18 வருஷம்! அவரே பொறுமையா நின்ன ஊர்ல, ஒரு கண் டாக்டர் மூணு வருஷம் நிக்க முடியாதா?

இப்ப நான் பேச வந்த விஷயத்துக்கு வர்றேன். மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லிடணும். கிளாக்கோமான்னு ஒரு நோய், கண் அழுத்த நோய். பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வை முதல்ல போகும், ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்த ஆயுசு பூரா சொட்டு மருந்து.

ஃபேக்டரியில ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் என்கிட்ட வந்தார். கையில தடியா ஒரு ஃபைல். பெரிய இடத்துல பார்த்தவர்தான். ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர். ஒருத்தர் ஒரு மருந்து எழுதியிருக்கார். அழுத்தம் இறங்கல. அடுத்தவர் ரெண்டாவது மருந்தைச் சேர்த்தார். அப்பவும் இறங்கல. மூணாவது டாக்டர் ஆபரேஷன்னு எழுதிட்டார். யார் மேலயும் தப்பில்ல. அவங்க அவங்க முன்னாடி இருந்த நம்பரைப் பார்த்து சரியாத்தான் எழுதியிருக்காங்க. நானும் பார்த்தேன். கண்ணுல மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்துல பார்த்தா ரெண்டு பச்சை அரைவட்டம் தெரியும். அதோட உள்ஓரம் ரெண்டும் தொட்டுக்கிற இடத்துல டோனோமீட்டர் டயலை நிறுத்தணும், அதுல வர்ற நம்பர்தான் கண் அழுத்தம். 21 வரைக்கும் சாதாரணம்னு வச்சுக்கலாம். அவருக்கு 28.

"மருந்து விடறீங்களா?"ன்னேன். "தவறாம விடறேம்மா, மாசம் ஒரு பாட்டில் காலியாகுதே"ன்னார். கோபம் வேற. பாட்டிலும் காலி, பில்லும் இருக்கு. நானும் அதோட விட்டிருந்தா நாலாவது டாக்டர் ஆயிருப்பேன். "எங்கே, என் முன்னாடி ஒரு சொட்டு விடுங்க"ன்னேன். தலையை அண்ணாந்தார். கை லேசா நடுங்குது. பாட்டில் மூக்குக்கும் இமைக்கும் நடுவுல ஆடுது. சொட்டு விழுந்துச்சு, கன்னத்துல! துடைச்சுக்கிட்டு இன்னொண்ணு விட்டார். அது இமை மேல. மருந்து பூராவும் முகம் குடிச்சிருக்கு, கண்ணுக்கு ஒண்ணும் போகல.

மருமகளைக் கூப்பிட்டேன். ராத்திரி சீரியல்ல விளம்பரம் வர்றப்ப மாமனாரைச் சாய்ச்சு உட்கார வச்சு, கீழ் இமையை இழுத்து, ஒரே சொட்டு. விட்ட உடனே கண்ணை மூடி, மூக்கோரத்துல விரல் வச்சு ரெண்டு நிமிஷம் அழுத்தணும், மருந்து தொண்டைக்கு இறங்காம இருக்க. அந்த ரெண்டு நிமிஷத்துல விளம்பரம் முடிஞ்சிடும். அடுத்த தடவை வந்தப்ப அழுத்தம் 17. ரெண்டாவது மருந்தை நிறுத்திட்டேன். ஆபரேஷன் பேச்சே இல்ல.

இதுல எனக்கு என்ன லாபம்னு எதிரணி கேக்கும். கேக்கட்டும். கிளாக்கோமா குடும்பத்துல வர்ற நோய். அதனால அவரோட தம்பியை வரச் சொன்னேன், தங்கச்சியை வரச் சொன்னேன். மருமகளுக்குச் சர்க்கரை, வருஷா வருஷம் ரெட்டினா பார்க்கணும். பேரனுக்கு மைனஸ் பவர், செல்போனைக் கண்ணுலயே ஒட்ட வச்சிருக்கான். ஒரு கன்னத்துல விழுந்த சொட்டு ஒரு குடும்பத்தைக் கொண்டு வந்துச்சு. விளம்பரம், பேனர் ஒண்ணும் கிடையாது. எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் இந்தக் குடும்பத்தை டாக்டருக்கு எழுதி வைக்காது.

லென்ஸ் சமாச்சாரமும் அப்படித்தான். பெரிய இடத்துல புரை ஆபரேஷன்னா லென்ஸைப் பத்திப் பேசுறதுக்குத் தனியா ஒரு கவுன்சிலர் இருப்பாங்க. மூணு பேக்கேஜ் காட்டுவாங்க, மேல இருக்கிறதுதான் 'பிரீமியம்'. தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு ராத்திரி கேப் ஓட்டுற டிரைவருக்கு, தூரமும் கிட்டவும் காட்டுற மல்டிஃபோகல் லென்ஸை மாட்டி விட்டா, எதிர்ல வர்ற ஹெட்லைட்டைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியலாம். பிழைப்பே ராத்திரி ஓட்டுறதுதான். நான் முதல்ல கேக்கிற கேள்வி, "என்ன வேலை பண்றீங்க?" அதுவும் நாலு பாஷையில. "மேல பாருங்க", "மேலே நோடி", "பைகி சூடண்டி", "ஊப்பர் தேக்கியே". எங்க கிளினிக்குல ஒரே நாள்ல நாலும் ஓடும்.

பேஷன்ட் கையிலேர்ந்து பணம் கட்டாம இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டுற 'கேஷ்லெஸ்' வசதி, சின்ன கிளினிக்குல கிடைக்காதுன்னு எதிரணியில ஒரு தம்பி சொன்னார். அது நிஜம். சின்ன கிளினிக்கைக் கம்பெனிக்காரங்க லிஸ்ட்ல சேர்க்க இழுத்தடிப்பாங்க. அந்த ஒரு மார்க்கை எடுத்துக்கட்டும்.

புனித் ராஜ்குமார் விஷயம். 2021 அக்டோபர்ல அந்தக் கண்ணு ரெண்டையும் தானமாக் கொடுத்து, ஒவ்வொரு கார்னியாவையும், அதாவது கண்ணோட முன்பக்கம் இருக்கிற கண்ணாடி மாதிரியான படலத்தை, முன் அடுக்கு, பின் அடுக்குன்னு பிரிச்சு, நாலு பேருக்கு வச்சாங்க. என் கிளினிக்குல நடக்குமா? நடக்காது. கார்னியாவும் ரெட்டினா ஆபரேஷனும் அங்கதான் போகணும், நானே லெட்டர் எழுதி அனுப்புறேன். ஆனா அதைச் செஞ்ச நாராயண நேத்ராலயா கண் ஆஸ்பத்திரி எங்க தொடங்குச்சு? நம்ம தமிழ் ஜனங்க நெருக்கி வாழ்ற ஸ்ரீராமபுரத்துல, 1982-ல, டாக்டர் புஜங்க ஷெட்டி சின்ன அளவுல ஆரம்பிச்சது. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி? 1976-ல, அரசாங்க வேலையில ரிட்டயர் ஆகி, மூட்டுவாதத்துல விரல் கோணிப்போன 58 வயசு டாக்டர் வெங்கடசாமி, 11 படுக்கையோட தொடங்கினது. அது அறக்கட்டளை, என் மாதிரி தனிக் கிளினிக் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா எதிரணி காட்டுற பெரிய கட்டடத்துக்கெல்லாம் ஒரு சின்ன வாசல் இருந்திருக்கு. அந்த வாசல்ல நின்னவர் யார்கிட்டயும் மினிமம் கேரண்டி கேக்கல.

மணி அடிச்சாச்சு, தெரியும். நடுவர் ஐயா, நான் பேசினது பூராவும் நீங்க குறிப்பெடுத்தீங்க, நன்றி. ஆனா அந்தக் காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, மறுபடியும் இறக்கி அவஸ்தைப்படறீங்க. உங்க ரீடிங் பவர் மாறிடுச்சு. திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க, பார்த்துடறேன். தீர்ப்பை எதிரணிக்கே கொடுத்தாலும் பரவாயில்ல, ஃபீஸ் மட்டும் வாங்கிடுவேன்.

நன்றி, வணக்கம்.