பெரட்டுக் களத்து இரட்டையர்

நேயர்களே, வணக்கம். பசியாறிவிட்டீர்களா? சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். விடியற்காலைப் பெரட்டில் பேர் வாசித்து ஆள் பார்ப்பது என் வேலை. இப்போது ஆள் நாம்தானா என்று பார்க்கக் கைப்பேசி முகத்தைக் காட்டச் சொல்லும்போதெல்லாம் அந்தக் களம்தான் ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் லயத்தில் இரட்டைப் பையன்கள், அச்சு அசல். இரண்டு பேருக்கும் வெளிக்காட்டு வேலை. தம்பி தூங்கிவிட்டால் அண்ணன் தன் பேருக்கு ஒரு 'ஐயா' சொல்லுவான். பின்வரிசைக்கு நழுவி, தம்பி பேருக்கும் ஒரு 'ஐயா'. அரையிருட்டு, லாந்தர் வெளிச்சம். நானும் இரண்டு பேர் போட்டேன். ஒரு வாரம்! கண்டுபிடித்தவர் எழுத்து வாசனையே இல்லாத கங்காணி. "கிராணியாரே, சின்னவன் காலை இழுத்து நடப்பான். இவன் இழுக்கலையே!" நான் முகத்தைப் பார்த்தேன், அவர் காலைப் பார்த்தார்.

முகம் பார்த்து ஆள் அறியும் இயந்திரமும் என்னைப் போலத்தான், முகத்தை மட்டும் பார்க்கிறது. அச்சு அசல் இரட்டையரிடம் இன்றைக்கும் தடுமாறுகிறது. அது 'ஆமாம், இல்லை' என்று சொல்வதில்லை; பதிவில் உள்ள படமும் இப்போது எடுத்த படமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுகிறது. எத்தனை வாங்கினால் 'பாஸ்' என்று கோடு கிழிப்பது மனிதர்கள். கோட்டை உயர்த்தினால் திருடனோடு பாட்டியும் வெளியே நிற்பார். தாழ்த்தினால் அண்ணன் தம்பி பேருக்கும் 'ஐயா' சொல்லுவான்.

அமெரிக்காவின் தர அளவை நிறுவனமான நிஸ்ட், 2019-இல் 189 மென்பொருள்களைச் சோதித்தது. பலவற்றில், வேறு வேறு ஆட்களை ஒரே ஆள் என்று சொல்லும் தவறு, ஆசிய, ஆப்பிரிக்க-அமெரிக்க முகங்களுக்கு வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகம். சீனாவில் செய்த சிலவற்றில் கிழக்காசிய முகங்களுக்கு அந்தத் தவறு குறைவு. பார்த்துப் பழகிய முகம் அல்லவா!

என் வீட்டுக்காரியைக் கைப்பேசி மூன்று தடவை 'நீ இல்லை' என்றது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள படம் பழசு. சரி, மைகார்டு என்கிற அந்த அட்டையின் சில்லில்தான் 2001-லிருந்து கட்டைவிரல் ரேகை இருக்கிறதே என்றால், பால்மரம் வெட்டிய கையில் ரேகை எங்கே? முகப்பில் இருந்த பிள்ளையும் "சிஸ்டம் ஏற்கலை, ஆன்டி" என்று கைவிரித்துவிட்டது. எனக்குக் கோபம் இயந்திரத்தின் மேல் இல்லை. அது மறுத்த பிறகு காலைப் பார்க்க ஒரு கங்காணி இல்லையே, அதுதான்.

கண் சிமிட்டச் சொல்வது படத்தைக் காட்டி ஏமாற்றாமல் இருக்க, அதிலும் ஓட்டைகள்... ஒலிபரப்புக்கூடத் தங்கச்சி, நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார். ஐசி படம் பழசானவர்கள் தேசியப் பதிவு இலாகாவில் மாற்றிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரி திங்கட்கிழமை போகிறார். வணக்கம்.