பெயர் சொல்லாமல் பாடப்பட்ட நிலவுமகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வானில் பத்துச் சூரியன்கள் ஒருசேர எழுந்து பயிரையும் உயிரையும் பொசுக்கிய காலத்தில், ஹோ யீ என்னும் வில்லாளி ஒன்பதை எய்து வீழ்த்தினான் என்றும், மேற்கின் அரசித்தாயிடம் அவன் பெற்று வந்த சாவா மருந்தை உண்ட மனைவி சாங்-அ நிலவுக்குப் பறந்துபோனாள் என்றும் சீனத்துப் பழங்கதை சொல்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'ஹுவாய்நான்ட்சு' அவளைத் திருடி என்றே குறிக்கிறது. பிற்காலத்தார், மருந்து ஒரு கயவன் கையில் சிக்காதிருக்கவே அவள் அதை விழுங்கினாள் என்று மாற்றிச் சொல்லிப் பழியைத் துடைத்தார்கள். எப்படிச் சொன்னாலும், சாவில்லாத அவளுக்கு அங்கே துணை, மருந்து இடிக்கும் ஒரு முயல்தான். (நிலவையே 'முயற்கூடு' என்றழைத்த மொழிக்கு அந்த முயல் புதிதன்று.)

இன்று நான் பேச வந்த பாட்டில் அவள் பெயர் எங்கும் இல்லை. 1076ஆம் ஆண்டு, இலையுதிர்கால நடுப் பௌர்ணமி இரவில், மீட்சோ நகரில் அதிகாரியாக இருந்த கவிஞர் சு ஷி அதை எழுதினார். விடியும்வரை மகிழ்ந்து குடித்து, போதை மிகுந்த நிலையில், தம்பியையும் நினைத்து எழுதியது என்று அவரே முன்குறிப்பு வைத்திருக்கிறார். தம்பி சு ட்சேயை அவர் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இது 'த்ஸு' என்னும் வகை. நம் திரைக்கவிஞர்கள் மெட்டுக்குப் பாட்டு எழுதுவதுபோல், முன்பே வழங்கிய பண் ஒன்றின் அளவுக்குச் சொல் நிரப்புவது அது. இந்தப் பண்ணுக்கு அளவு 95 எழுத்து. காலப்போக்கில் பழைய மெட்டு மறைந்துபோய்ச் சொற்கள் மட்டும் தங்கின.

நிலவை நோக்கிக் கேள்வி கேட்டுத் தொடங்கும் கவிஞர், காற்றிலேறி அங்கே போய்விடலாமா என்று ஆசைப்படுகிறார். உடனே, அந்த மணிமாடங்களின் உயரத்தில் குளிர் தாங்காதே என்று அஞ்சுகிறார். சாங்-அ வாழும் அரண்மனைக்குச் சீனர் வைத்த பெயர் 'பரந்த குளிர்' என்பதாகும். அந்தப் பெயரை அறிந்தவர் செவிக்குக் 'குளிர்' என்ற ஒரு சொல் போதும், அவள் கதை முழுவதும் வந்து நின்றுவிடும். அவள் போன வழியைப் பார்த்தபின், மண்ணிலேயே தம் நிழலோடு ஆடுவது மேல் என்று கவிஞர் தங்கிவிடுகிறார்.

1983இல் லியாங் ஹோங்ட்சி இச்சொற்களுக்குப் புதிய மெட்டமைக்க, தைவானின் தெரசா தெங் பாடினார். குரலை உயர்த்தி உருக்க நினைக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் அவர் பாடியதே இந்தப் பாட்டுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். 1995இல் ஃபே வோங்கும் இதைப் பாடினார்.

நெடுநாள் வாழ்வோம், ஆயிரம் காதம் பிரிந்திருந்தும் ஒன்றையே பார்த்திருப்போம் என்பது முடிவு வரி. அந்த 'ஒன்றை', தொடக்கத்தில் ஆண்ட 'நிலவு' என்ற சொல்லால் கவிஞர் சுட்டவில்லை, 'சான்ஜுவென்' என்கிறார். எழில், எழில்மிக்க பெண், நிலவு என மூன்றுக்கும் பொருந்தும் அச்சொல்லில் உரையாசிரியர் சிலர் சாங்-அவையே காண்கிறார்கள். 95ஆவது எழுத்தும் அச்சொல்லோடுதான் முடிகிறது.